மனச்சோர்வு வந்த நாளிலிருந்து நாடி இறங்கவே இல்லை. இது வெறும் நினைப்பா?

இரவல்வெளிச்சம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பல மாதமாக இங்கே படிப்பதோடு சரி. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

வயது 36. எட்டு மாதமாக மனச்சோர்வு. மாத்திரை தொடங்கி ஐந்து வாரம்தான் ஆகிறது, செர்ட்ராலின் 50 மில்லிகிராம். மனசைப் பற்றி மனநல மருத்துவரிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே கேட்க வந்தது நெஞ்சைப் பற்றி.

முன்பெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்தால் நாடி 70-ஐ ஒட்டித்தான் இருக்கும். இப்போது 92, 95. மாத்திரைக்கு முன்பே இப்படித்தான். அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கெட்ட கனவு எதுவும் இல்லை, ஆனால் கண் திறக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டுகிறது.

இசிஜி, எக்கோ, தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தாயிற்று. எதிலும் கோளாறு இல்லை. இதய மருத்துவர் ஒருவர், "இதயத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் உங்கள் நினைப்பு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தச் சொல் வீடு வரைக்கும் கூடவே வந்தது, இன்னும் போகவில்லை. நினைப்பு என்றால் நாடி எப்படி 95 காட்டும்? கடிகாரத்தில் எச்ஆர்வி என்று ஒன்று வருகிறது, அது 19. என் வயதுக்காரர்களுக்கு 40, 50 இருக்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு அன்றிரவு தூங்கவே இல்லை. அப்பாவுக்கு 57 வயதில் மாரடைப்பு வந்தது, அந்தப் பயமும் சேர்ந்துகொள்கிறது.

மனச்சோர்வு உண்மையிலேயே இதயத்தைத் தொடுமா? தொடும் என்றால் எந்த வழியாக? சோர்வு சரியானால் இதுவும் திரும்புமா?

---

நாடிநூல்

நினைப்பு இல்லை அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

நான் கல்லூரியில் 26 வருடம் உடலியல் பாடம் நடத்தியவன். நோய் பார்க்கிறவன் இல்லை, அதனால் உங்களுக்கு இன்னது என்று சொல்ல மாட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்று ஒரு சிறு திசு இருக்கிறது. துடிப்பு பிறப்பது அங்கேதான். நரம்புத் தொடர்பு எல்லாவற்றையும் துண்டித்துவிட்டால் அது தன்போக்கில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். இதய மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஓய்விலும் நாடி 90, 100 என்று இருப்பது இதனால்தான். அப்படியானால் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கு 70 எப்படி வருகிறது? மூளைத் தண்டிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு ஓய்வு நேரம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறது. அது பத்தாவது கபால நரம்பு, எதிர்ப்பரிவு நரம்பு மண்டலத்தின் முக்கியமான கை. முடுக்கிவிடுகிற வேலை பரிவு நரம்பு மண்டலத்துடையது. இரண்டும் சேர்ந்ததுதான் தானியங்கு நரம்பு மண்டலம், நம்மைக் கேட்காமலேயே நடக்கிற நிர்வாகம்.

ஆக, உட்கார்ந்த இடத்தில் 95 என்றால் யாரோ முடுக்குகிறார்கள் என்றுதான் அர்த்தம் என்றில்லை. பிரேக்கில் இருந்த கால் கொஞ்சம் தளர்ந்தாலே போதும், நாடி அந்த 100-ஐ நோக்கித் தானாக ஏறிவிடும். மனச்சோர்வில் அடிக்கடி பார்க்கப்படுவது இந்தத் தளர்வைத்தான். கடுமையான வகைகளில் இரத்தத்தில் நாரட்ரினலின் என்ற முடுக்கும் இரசாயனமும் கூடுகிறது, அப்போது முடுக்கலும் சேர்ந்துகொள்கிறது.

எச்ஆர்வி விஷயத்துக்கு வருகிறேன். இதயம் கடிகார முள் மாதிரி சீராக அடிப்பதுதான் ஆரோக்கியம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது, விடும்போது தணிகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி மில்லிசெகண்டு கணக்கில் கூடிக் குறைந்துகொண்டே இருக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தின் அளவுதான் எச்ஆர்வி, இதயத் துடிப்பு மாறுபாடு. வேகஸ் வெளியிடும் அசிட்டைல்கோலின் ஒரே துடிப்புக்குள் வேலை செய்து உடனே சிதைந்துவிடும். பரிவு நரம்பின் வேலையோ ஏறவும் இறங்கவும் பல நொடிகள் பிடிக்கும். அதனால் துடிப்புக்குத் துடிப்பு மாறுகிற நுண்மையான மாறுபாடு பெரும்பாலும் வேகஸின் கைவண்ணம். அது குறைந்தால் பிரேக் தளர்ந்திருக்கலாம் என்று ஊகிக்கிறோம்.

ஒரு கிளைக்கதை. நீங்கள் அதிகாலை மூன்று மணி என்று எழுதியதும் ஓட்டோ லோவி என்ற ஆய்வாளர் நினைவுக்கு வந்தார். நரம்பு இதயத்திடம் பேசுவது மின்சாரத்தாலா, இரசாயனத்தாலா என்பது தெரியாத காலம். ஒரு சோதனை அவருக்குக் கனவில் வந்தது. எழுந்து குறித்து வைத்தார், காலையில் அவருடைய கையெழுத்து அவருக்கே புரியவில்லை. அடுத்த நாள் இரவு மூன்று மணிக்கு அதே யோசனை திரும்ப வந்ததும் நேராக ஆய்வகத்துக்குப் போய்விட்டார். ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி அதன் துடிப்பைத் தணித்தார். அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். நரம்பே தொடாத அந்த இரண்டாவது இதயமும் தணிந்தது. 1921-இல் வெளியிட்டார், 1936-இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு. வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்வேன், ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கும்.

மூளையின் பக்கம் சுருக்கமாக: முன்மூளையின் நடுப்பகுதி, அமிக்டலா, ஹைப்போதலாமஸ் மூன்றும் இந்த வேகஸ் உட்கருக்களுக்குக் கட்டளை அனுப்புகின்றன. மனச்சோர்வில் செயல்பாடு மாறுகிற இடங்களும் ஏறத்தாழ இவையேதான். மனசுக்கு ஒரு மூளை, இதயத்துக்கு வேறு மூளை என்று நமக்கு இல்லையே.

---

மறுபிறவி_61

தங்கச்சி, உன் கதையைத் தலைகீழாகப் போட்டால் அது என் கதை. எனக்கு இதயம் முதலில், மனசு பிறகு.

மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பு, இரண்டு ஸ்டென்ட். வீட்டுக்கு வந்தபின் எதிலும் பிடிப்பு இல்லாமல் போயிற்று. பேரப்பிள்ளை மடியில் வந்து உட்கார்ந்தாலும் ஒன்றும் தோன்றாது. எல்லோரும் "பெரிய கண்டம் தாண்டி வந்திருக்கிறார், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். காலை மாத்திரையைப் போட்டேனா இல்லையா என்று கவலைப்படுவதையே விட்டுவிட்டேன். நடக்கச் சொன்னார்கள், நடக்கவில்லை. பதினோராவது மாதம் மறுபடி நெஞ்சுவலி வந்து சேர்த்த பிறகுதான் ஒரு மருத்துவர், "தூக்கம் எப்படி, எதிலாவது ஆசை இருக்கிறதா" என்று கேட்டார். அதுவரை என் கொழுப்பு அளவைக் கேட்டவர்கள் பத்துப் பேர், இதைக் கேட்டவர் ஒருவர்.

அதனால் சொல்கிறேன், "நினைப்பு" என்று யார் சொன்னாலும் அதோடு விட்டுவிடாதே. மனச்சோர்வுக்கு மருந்தும் பேச்சும் தொடங்கிய பிறகுதான் நான் இதய மாத்திரையை ஒழுங்காகப் போட ஆரம்பித்தேன்.

---

கேள்விக்குறி

நாடிநூல் ஐயா எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இங்கே படிக்கிறவர்கள் "மனச்சோர்வு, அதனால் வேகஸ் தளர்வு, அதனால் மாரடைப்பு" என்று ஒரு நேர்க்கோடு போட்டுக்கொண்டு பயந்துவிடக் கூடாது. கோடு அவ்வளவு நேராக இல்லை.

மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு இருக்கிறது. 1993-இல் மான்ட்ரியாலில் 222 நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வில் இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நாலு மடங்குக்கும் மேல். இந்தத் துறையையே திருப்பிப் போட்ட ஆய்வு அது. சரி, ஏன் இறந்தார்கள்?

2008-இல் வந்த ஹார்ட் அண்ட் சோல் ஆய்வு இதையே நோண்டிப் பார்த்தது. நிலையான இதய நோய் உள்ள 1,017 பேர். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இதயச் சிக்கல்கள் அதிகம் வந்தது உண்மை. ஆனால் உடற்பயிற்சி இல்லாமை, புகைப்பழக்கம், மருந்தை விடுவது போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் அந்த வித்தியாசம் கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது. அதிகப் பங்கு உடற்பயிற்சி இல்லாமைக்கு. மறுபிறவி அண்ணா எழுதியதும் அதைத்தானே சொல்கிறது? நடக்கவில்லை, மாத்திரை போடவில்லை.

இன்னொன்று. எச்ஆர்வி குறைவதே மருந்தால்தான் என்று சொன்ன பெரிய ஆய்வும் உண்டு. 2008-இல் நெதர்லாந்தில் 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அளந்தார்கள். மனச்சோர்வு மருந்து எடுக்காதவர்களிடம் குறைவு பெரிதாகத் தெரியவில்லை, எடுத்தவர்களிடம் தெரிந்தது.

---

நாடிநூல்

கேள்விக்குறி தம்பி, நல்ல இடத்தில் கைவைத்தீர்கள். ஆனால் அந்த ஆய்வோடு நிறுத்திவிட வேண்டாம். 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இதய நோய் இல்லாத, மருந்தும் எடுக்காத மனச்சோர்வு நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமும் எச்ஆர்வி குறைந்தே இருந்தது, சோர்வு கடுமையானால் குறைவும் கூடியது. அதே தொகுப்பில் டிரைசைக்ளிக் என்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துகள் எச்ஆர்வியைக் கணிசமாகக் குறைப்பதும் தெரிந்தது. ஆகவே நோயும் குறைக்கிறது, சில மருந்துகளும் குறைக்கின்றன. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால்தான் குழப்பம்.

நடத்தைதான் காரணம் என்பதையும் அப்படியே ஏற்கத் தோன்றவில்லை. மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு உள்ளவர்களில் கூடுதல் மரணத்தின் ஏறத்தாழ கால் பங்கை எச்ஆர்வி குறைவு விளக்குகிறது என்று 2005-இல் ஒரு கணக்கு வந்தது. கால் பங்கு என்பது சிறிது இல்லை, முழுதும் இல்லை. மீதியில் நடத்தை இருக்கும், அழற்சி இருக்கும், இரத்தத்தை உறையவைக்கும் தட்டுகளும் இருக்கும். செரட்டோனின் என்றால் எல்லோரும் மூளையை நினைக்கிறோம், ஆனால் இரத்தத்தில் இருக்கிற செரட்டோனின் கிட்டத்தட்ட முழுவதும் தட்டுகளுக்குள்தான் இருக்கிறது. மனச்சோர்வில் தட்டுகள் எளிதில் ஒட்டிக்கொள்ளும் தன்மை கூடுவதாகப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. அழற்சியைத் தணிக்கும் சமிக்ஞையும் வேகஸ் வழியாகப் போகிறது, அதனால் பிரேக் தளர்ந்தால் அழற்சிக்கும் கடிவாளம் தளரலாம்.

அப்புறம் அந்த நடத்தை எங்கிருந்து வந்தது? மறுபிறவி நடக்காமல் இருந்தது சோம்பலால் இல்லையே. நோய் அவருடைய காலைக் கட்டிப்போட்டது. நடக்காததால் வேகஸ் இன்னும் தளர்ந்திருக்கும். இதில் எது காரணம், எது விளைவு என்று கத்தி வைத்துப் பிரிப்பது எனக்கு இயலாத காரியம்.

---

தாழ்வாரம்

டிரைசைக்ளிக் என்று வந்ததால் சொல்கிறேன். மாமியாருக்கு வயது 71. நரம்பு வலிக்கு என்று அந்த வகையைச் சேர்ந்த அமிட்ரிப்டிலின் கொடுத்திருந்தார்கள், மனச்சோர்வுக்கும் உதவும் என்றார்கள். இரண்டாவது வாரம் இரவு எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை என்பது பெரிய புண்ணியம். வாய் உலர்ச்சி, நாடி வேகம், நின்றால் தலைசுற்றல் எல்லாம் இருந்திருக்கிறது, எங்களிடம் சொல்லவில்லை. நோய்தான் இப்படிச் செய்கிறது என்று அவரே முடிவு செய்துகொண்டார். மருத்துவரிடம் சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள். இரவல்வெளிச்சம் அக்காவுக்கும் கண் இருட்டுகிறது என்பதால் கேட்கிறேன், உங்களுக்குப் படுத்தும் நின்றும் இரத்த அழுத்தம் பார்த்தார்களா?

---

பகல்நிலா

தாழ்வாரம் கேட்ட கேள்விதான் எனக்கும் முதலில் தோன்றியது. நான் இதய வார்டில் செவிலியர், பதினான்கு வருடம்.

எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் இரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருக்கும் அழுத்த உணரிகள் அதை உடனே கண்டுபிடித்து, நாடியைக் கூட்டி, இரத்தக் குழாய்களை இறுக்கிச் சரிசெய்கின்றன. இதுவும் தானியங்கு நரம்பின் வேலைதான். அது மந்தமானால் கண் இருட்டும். சோதிப்பது எளிது. ஐந்து நிமிடம் படுத்திருந்து அழுத்தமும் நாடியும் பார்க்க வேண்டும், எழுந்து நின்று ஒன்றாவது, மூன்றாவது நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் மருத்துவர் கவனிக்க வேண்டிய விஷயம். அழுத்தம் குறையாமல் நாடி மட்டும் பத்து நிமிடத்துக்குள் 30-க்கு மேல் ஏறி அப்படியே நின்றால் அது வேறு ஒரு கோளாறாக இருக்கலாம், போட்ஸ் என்பார்கள். அதைப் பதற்றம் என்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. மாதக்கணக்கில் படுக்கையிலேயே இருந்து, சரியாகச் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் இதே இருட்டல் வரும். மனச்சோர்வில் இது மூன்றும் சேர்ந்தே நடக்கும்.

டிரைசைக்ளிக் பழைய மருந்து. அசிட்டைல்கோலினைத் தடுப்பதால் வேகஸின் பிரேக்கை நேரடியாகவே கழற்றுகிறது, இதயத்துக்குள் மின்சாரம் கடப்பதையும் மந்தமாக்குகிறது. இதய நோயாளிகளுக்கு இதைத் தவிர்ப்பது அதனால்தான். செர்ட்ராலின் அப்படி இல்லை. 2002-இல் மாரடைப்பு அல்லது நிலையற்ற நெஞ்சுவலியால் சேர்ந்த 369 பேரிடம் 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், இதயத்தின் பம்ப் வலிமை குறையவில்லை. இதய வார்டில் மனச்சோர்வு மருந்து என்றால் நான் பார்த்தவரை அதிகம் எழுதப்படுவது அதுதான். சிட்டாலோபிராம் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்துக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. இசிஜியில் க்யூடி இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்சாரம் எழுந்து அடங்கும் நேரத்தை, நீட்டக்கூடும் என்பதால் 2011-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் உச்ச அளவை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் என்று வைத்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 20.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இவ்வகை மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் தூக்கக் கேடும் வரும். அதைப் பார்த்து "இதயம் போய்விட்டது" என்று ஓடி வந்தவர்களை நானே படுக்கையில் சேர்த்திருக்கிறேன்.

வார்டில் நாங்கள் கேட்கிற இரண்டு கேள்விகளையும் இங்கே எழுதிவிடுகிறேன். கடந்த இரண்டு வாரத்தில், எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் எத்தனை நாள் இருந்தது? மனம் தாழ்ந்து, நம்பிக்கையற்று எத்தனை நாள் இருந்தது? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும். இதய நோயாளிகளிடம் இதைக் கேட்கச் சொல்லி அமெரிக்க இதயச் சங்கம் 2008-லேயே பரிந்துரைத்தது. இரண்டு நிமிட வேலை. எத்தனையோ இடங்களில் இன்னும் யாரும் கேட்பதில்லை, எனக்கு அது தாங்க முடியாத வருத்தம்.

---

கேள்விக்குறி

எனக்கு நெருடுகிற கேள்வி இன்னொன்று இருக்கிறது. மனச்சோர்வைச் சரிசெய்தால் இதயம் பிழைக்குமா? 2003-இல் வந்த என்ரிச்ட் ஆய்வு மிகப் பெரியது. மாரடைப்பு வந்த 2,481 பேர். பாதிப் பேருக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்தும். மனச்சோர்வு குறைந்தது. ஆனால் மரணமோ மறு மாரடைப்போ குறையவில்லை.

---

நாடிநூல்

உண்மை. அந்த முடிவு வந்தபோது பலருக்கும் ஏமாற்றம். இரு குழுக்களுக்கும் மனச்சோர்வில் இருந்த வித்தியாசமே சிறியது, ஒப்பீட்டுக் குழுவிலும் பலர் தாமாகத் தேறிவிட்டார்கள். வித்தியாசம் சிறிதாக இருந்தால் இதயத்தில் அது தெரியாமல் போக இடமுண்டு. பிறகு கொரியாவில் இதய நோயும் மனச்சோர்வும் உள்ள 300 பேரிடம் எஸ்சிட்டாலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தோ வெற்று மாத்திரையோ 24 வாரம் கொடுத்து, எட்டு வருடம் போலப் பின்தொடர்ந்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. பெரிய இதய நிகழ்வுகள் மருந்துக் குழுவில் 40.9 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 53.6 சதவீதம். நம்பிக்கை தருகிறது, ஆனால் ஒரே ஆய்வு, 300 பேர். இதை வைத்து "மாத்திரை மாரடைப்பைத் தடுக்கும்" என்று நான் வகுப்பில் சொல்ல மாட்டேன்.

---

மறுபிறவி_61

ஐயா, தம்பி, இருவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. என் ஆயுள் எத்தனை நாள் கூடுகிறது என்று பார்த்தா மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறேன்? பேரன் மடியில் உட்கார்ந்தால் இப்போது தெரிகிறது. இதயத்துக்கு லாபம் இல்லை என்றே நிரூபித்தாலும் நான் நிறுத்தப் போவதில்லை.

---

கேள்விக்குறி

கோபம் இல்லை அண்ணா. நீங்கள் சொன்னது நான் மறந்துவிட்ட பக்கம்.

---

தாழ்வாரம்

மூச்சுப் பயிற்சி, வேகஸைத் தூண்டுவது என்று காணொளிகள் நிறைய வருகின்றனவே, அதில் ஏதாவது உண்மை இருக்கிறதா? குளிர்ந்த நீரில் முகம் வைக்கச் சொல்கிறார்கள்.

---

நாடிநூல்

மெதுமூச்சில் உண்மை இருக்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்றால் ஒரு மூச்சுக்குப் பத்து நொடி. இரத்த அழுத்த உணரிகளின் சுற்றுக்கும் ஏறத்தாழ பத்து நொடித் தாளம் உண்டு. இரண்டும் ஒத்துப்போகும்போது துடிப்பின் ஏற்ற இறக்கம் விரிகிறது. மூச்சை விடும் நேரம் இழுக்கும் நேரத்தைவிடச் சற்று நீளமாக இருந்தால் நல்லது. காலையில் ஐந்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம் செய்து பாருங்கள். படபடப்பு தணியும். மனச்சோர்வுக்கான சிகிச்சையின் இடத்தில் அதை வைக்கக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு அதைவிட நம்பிக்கை நடையில். 1999-இல் 156 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். உடற்பயிற்சி மட்டும், செர்ட்ராலின் மட்டும், இரண்டும் சேர்த்து. 16 வாரம் கழித்து மூன்று குழுவும் மனச்சோர்வில் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தது. நடை பிரேக்கையும் வலுவாக்கும் என்பது கூடுதல் ஆதாயம்.

குளிர்ந்த நீரில் முகம் வைத்தால் நாடி தணிவது உண்மையான மறிவினைதான். ஆனால் துடிப்பு ஒழுங்கின்மை உள்ளவர்கள் விளையாட வேண்டாம்.

---

பகல்நிலா

இரவல்வெளிச்சம், அந்த 19-ஐப் பற்றி ஒரு வார்த்தை. கடிகாரம் மணிக்கட்டில் ஒளியை வைத்து அளக்கிறது, ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு கணக்கு வைத்திருக்கிறது. வயது, பாலினம், முந்தைய நாள் தூக்கம், காய்ச்சல், மது, மாதவிடாய்ச் சுழற்சி எல்லாம் அதை மாற்றும். ஆரோக்கியமானவர்களிலேயே 20-இல் இருப்பவரும் உண்டு, 80-இல் இருப்பவரும் உண்டு. மனச்சோர்வு உள்ளவர்களின் சராசரி குறைவு என்பது உண்மைதான், ஆனால் இரு கூட்டமும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று கிடக்கிறது. 1987-இல் வந்த புகழ்பெற்ற ஆய்வில் எச்ஆர்வி 50 மில்லிசெகண்டுக்குக் கீழே இருந்தவர்களுக்கு, 100-க்கு மேல் இருந்தவர்களைவிட மரண வாய்ப்பு 5.3 மடங்கு என்று படித்துவிட்டுப் பயப்படுபவர்களை நிறையப் பார்க்கிறேன். அது மாரடைப்பு வந்த 808 பேரிடம் நாள் முழுக்க இசிஜி வைத்து எடுத்த வேறு வகை அளவு. உங்கள் கடிகார எண்ணை அதோடு ஒப்பிடவே முடியாது.

எப்போது உடனே போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் அழுத்துகிற மாதிரி வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, வியர்த்துக் கொட்டுவது, மயக்கம் போட்டு விழுவது, வேலை செய்யும்போது தொடங்கும் படபடப்பு, ஓய்விலும் மூச்சுத் திணறல். இவற்றில் எதையும் "மனச்சோர்வுதான்" என்று வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மனநோய்க்கு மருந்து எடுப்பவர் என்று தெரிந்ததும் நெஞ்சுவலியை லேசாக எடுத்துக்கொள்ளும் தவறு எங்கள் தரப்பிலும் நடக்கிறது, அதனால் இருமுறை சொல்லுங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலும் அதே அவசரம்தான். அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

---

இரவல்வெளிச்சம்

ஏழு வாரம் கழித்து வருகிறேன். எல்லோர் பதிலையும் பலமுறை படித்தேன், எழுதத் தெம்பு இல்லாமல் இருந்தது. மன்னிக்க வேண்டும்.

வேறு ஒரு மருத்துவரிடம் போனேன். படுத்தும் நின்றும் அளந்தார்கள். நின்றதும் மேல் அழுத்தம் 14 குறைந்தது, நாடி 22 ஏறியது. ஆபத்தான அளவு இல்லை, தண்ணீர் போதவில்லை, நாளெல்லாம் படுத்தே இருப்பதும் காரணம் என்றார். 24 மணி நேரம் இசிஜி பதியும் ஹோல்டர் கருவி வைத்தார்கள், ஒழுங்கின்மை எதுவும் இல்லை. "உங்கள் படபடப்பு உண்மையானது, உங்கள் இதயமும் நன்றாக இருக்கிறது, இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்கலாம்" என்று சொன்னார். அதைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டேன்.

செர்ட்ராலின் இப்போது 100. முதல் மூன்று வாரம் வாசல் வரை நடந்தேன், இப்போது இருபது நிமிடம் நடக்கிறேன். உட்கார்ந்த நாடி 82, 84. மூன்று மணி விழிப்பு வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது. அப்படி விழிக்கும் நாளில் ஐயா சொன்ன பத்து நொடி மூச்சை எண்ணுகிறேன், சில நாள் மறுபடி தூக்கம் வருகிறது. கடிகாரத்தை இரவில் கழற்றி வைத்துவிடுகிறேன். சோர்வு முழுக்கப் போகவில்லை. ஆனால் போன வாரம் ஒரு நாள் மழைச் சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்தேன், இத்தனை மாதத்தில் முதல் முறை.

எழுத வந்தது வேறு ஒன்று. பகல்நிலா அக்காவின் இரண்டு கேள்விகளையும் என்னிடம் கேட்டுப் பார்த்ததோடு நிறுத்தத்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாரடைப்புக்குப் பிறகு நாலு வருடமாக அவர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார், வயதாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம். அவரிடம் கேட்டேன். முதல் கேள்விக்கு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "தினமும்தான் அம்மா" என்றார். இரண்டாவதற்கும் அதே பதில்.

வெள்ளிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர் ஆஸ்பிரின் எடுக்கிறார், நாடியைத் தணிக்கும் பீட்டா பிளாக்கரும் எடுக்கிறார். மருத்துவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும்?

---

பகல்நிலா

நல்ல காரியம் செய்தீர்கள். மருந்துச் சீட்டு முழுவதையும் எடுத்துப் போங்கள், கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரை உட்பட. செர்ட்ராலின் வகை மருந்தும் ஆஸ்பிரினும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடும், வலி மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஆஸ்பிரின் எடுக்கிறார் என்று முதலிலேயே சொல்லுங்கள், தேவைப்பட்டால் வயிற்றுக்குப் பாதுகாப்பு மருந்து சேர்ப்பார்கள். பழைய புண், கறுத்த மலம் ஏதாவது இருந்ததா என்று வீட்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே கூச்சப்பட்டு இல்லை என்பார்.

பீட்டா பிளாக்கர்தான் மனச்சோர்வைக் கொடுத்தது என்று யாராவது சொன்னால் நிறுத்திவிடாதீர்கள். 2021-இல் வந்த பெரிய தொகுப்பாய்வில் அப்படித் தொடர்பு தெரியவில்லை, தூக்கக் கேடும் விசித்திரக் கனவும்தான் தெரிந்தன. அவருக்குத் தூக்கம் எப்படி என்று கேட்டு, அதையும் குறித்துக்கொண்டு போங்கள்.

---

மறுபிறவி_61

தங்கச்சி, அப்பாவிடம் என்னைப் பற்றிச் சொல். அவருக்குப் பேசத் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதச் சொல். நான் தினமும் காலையில் பார்க்கிறேன்.